பாரிமுனையில் காரை எங்கேதான் விடுவது? 60 ரூபாய் டோக்கனும் வாங்கி, 500 ரூபாய் அபராதமும் கட்டியாச்சு

தேரடிவாசி:

எனக்குத் திருவொற்றியூர் தேரடி. பாரிமுனை ஒன்றும் புது இடமில்லை. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பர்மா பஜாரில் கால்குலேட்டர் வாங்கப் போனதில் இருந்து பழகின ஏரியா. ஆனால் அதெல்லாம் பஸ்ஸிலும் டிரெயினிலும் போனது. போன சனிக்கிழமைதான் முதல் தடவையாகக் காரை எடுத்துக்கொண்டு போனேன், அதோடு புத்தி வந்தது.

அக்கா பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை பார்க்க அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் ஆண்டர்சன் தெரு போகணும். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால்தான் கார். பத்தரைக்குக் கிளம்பி டி.எச். ரோடு பிடித்து ராயபுரம் வழியாகப் பீச் ஸ்டேஷன் பக்கம் வர பதினொன்றே கால். அதுவரைக்கும் பரவாயில்லை. அப்புறம் பிராட்வேயில் ஒரு சுற்று, என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஒரு சுற்று, திரும்ப ராஜாஜி சாலை, திரும்ப பிராட்வே. ஒவ்வொரு சுற்றிலும் அம்மா "அதோ பாரு, அங்க இடம் இருக்குது" என்று கை காட்டுவார். கிட்டே போனால் ஒரு பழைய டயர் இருக்கும். டயருக்குள் சிமென்ட் ஊற்றி, நடுவில் கம்பி நட்டு, கம்பி நுனியில் தகரம் மாட்டி, "நோ பார்க்கிங், மீறினால் காற்று இறக்கப்படும்" என்று பெயின்டில் எழுதியிருக்கும். ஒரு இடத்தில் டயர்கூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் ஒரு செங்கல். அவ்வளவுதான், அந்த இடம் அவருடையது!

முக்கால் மணி நேரம் சுற்றின பிறகு ஒரு சந்து முனையில் ஒருவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். நீலச் சட்டை, கழுத்தில் ஒரு அட்டை, அந்த அட்டையும் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. "வா சார் வா வா, ஒடி, இன்னும் ஒடி, போதும்" என்று ரொம்ப அக்கறையாக நிறுத்த வைத்தார். 60 ரூபாய் கேட்டார். எத்தனை மணி நேரத்துக்கு என்றேன். "நீ போய்ட்டு வா சார்" என்றார். கொடுத்த டோக்கன் ரோஸ் கலர். "இரு சக்கர வாகனம்" என்று அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்து மேலே "கார்" என்று எழுதியிருந்தது. தேதி இல்லை, நேரம் இல்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்பு உண்டு, மை பரவி அதில் யார் பெயர் இருந்தது என்றே படிக்க முடியவில்லை.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தால் முன் சக்கரத்தில் பூட்டு. நீலச் சட்டையைக் காணோம். பக்கத்து ஜூஸ் கடையில் கேட்டால் "எந்த ஆளு சார்?" என்கிறார். ஃபோன் பண்ணி, காத்திருந்து, சலான் போட்டு, பூட்டைத் திறக்க நாற்பது நிமிடம். அதுவரை அம்மா அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு சாத்துக்குடி ஜூஸ் குடித்தார், அது 80 ரூபாய். பத்திரிகைக் கடையில் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் குறைக்க அக்கா அரை மணி நேரம் பேரம் பேசினாள். 400 பத்திரிகைக்கு 800 ரூபாய் மிச்சம். அதில் 640 ரூபாய் இப்படிப் போய்விட்டது.

இப்போது கேள்வி. அச்சடித்த பத்திரிகையை வாங்க இன்னொரு தடவை போகணும், அப்புறம் சௌகார்பேட்டையில் கொஞ்சம் வாங்க வேண்டியது இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் காரை நிம்மதியாக விட ஓர் இடம் உண்டா இல்லையா? டோக்கன் கொடுப்பவர் உண்மையான ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த 60 ரூபாயைத் திரும்ப வாங்க வழி உண்டா? "ஆட்டோல போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதை அக்காவே ஏழு தடவை சொல்லிவிட்டாள்.

பழைய_வண்ணை:

ஆட்டோவில் போகாதே தம்பி, மெட்ரோவில் போ.

சும்மா சொல்லவில்லை. தேரடியிலேயே ஸ்டேஷன் வைத்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை லைன் திறக்கும் முன்னால் வடசென்னைக்காரன் புலம்பினான், அதில் நியாயம் இருந்தது. இப்போது தேரடியில் ஏறினால் காலடிப்பேட்டை, டோல்கேட், புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, எட்டாவது ஸ்டேஷன் ஹைகோர்ட். இறங்கி மேலே வந்தால் என்.எஸ்.சி. போஸ் சாலை. லிஃப்ட் உண்டு, அம்மா படி ஏற வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் போனாலும் டிக்கெட் 50 ரூபாயைத் தாண்டாது, ஃபோனில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் அதிலும் 20 சதவீதம் தள்ளுபடி. நீ நீலச் சட்டைக்குக் கொடுத்த 60 ரூபாய்க்கு என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

நான் எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். தீபாவளிக்கு முன்னால் இரண்டு வாரம் என் வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்த முடியாது, துணி எடுக்க வந்தவர்கள் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்த இரண்டு வாரமும் வண்டியை மாமியார் வீட்டில் விட்டுவிடுவேன். அது கல்பாக்கத்தில் இருக்கிறது!

தேரடிவாசி:

அண்ணா, மெட்ரோ சரிதான். ஹைகோர்ட் ஸ்டேஷனில் இருந்து தெருவுக்குள் நடக்கணுமே, பிளாட்பாரம் முழுக்கக் கடை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடப்பது லேசில்லை. அதோடு திரும்பும்போது 400 பத்திரிகை, தேங்காய்ப் பை, வெற்றிலைத் தட்டு எல்லாம் கையில் இருக்கும்.

கோடவுன்தெரு_25வருஷம்:

சார், நான் அந்தப் பக்கம் துணிக் கடையில் 25 வருஷமாக வேலை பார்ப்பவன். நீங்கள் சொன்ன டயர், செங்கல் எல்லாம் எனக்குத் தெரியும், அந்த மாதிரி டயருக்கு சிமென்ட் கலந்து ஊற்றியதே ஒரு தடவை நான்தான். அதனால் உள்ளே இருப்பவன் சொல்கிறேன், கேளுங்கள்.

இடம் இல்லாமல் போவதற்குக் காரணம் உங்களை மாதிரி வருபவர்கள் இல்லை. நாங்கள்தான். எங்கள் கடை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஏழு பேர், ஏழு பைக். வியாசர்பாடியில் இருந்து இரண்டு பேர், மணலியில் இருந்து ஒருவர், மற்றவர்கள் பெரம்பூர், கொருக்குப்பேட்டை. ஒன்பது மணிக்கு வந்து வரிசையாகச் சொருகிவிட்டால் ராத்திரி ஒன்பது வரை அசையாது. முதலாளி கார் பத்து மணிக்கு வரும். அதற்குத்தான் டயர். அவர் தம்பி கார் பதினொன்றுக்கு. இப்படி ஒரு கடைக்கு இவ்வளவு என்றால் தெரு முழுக்க எத்தனை கடை, கீழே ஒன்று, மாடியில் மூன்று, சந்துக்குள் கோடவுன். கடை திறந்து முதல் போணி ஆவதற்கு முன்பே தெரு நிரம்பிவிடும். வாடிக்கையாளர் வருகிற பதினோரு மணிக்கு அவருக்கு மிஞ்சுவது செங்கல் வைத்த ஸ்டூல்தான். அப்புறம் "இப்பல்லாம் பாரிஸ் கார்னருக்கு யாரும் வர மாட்டேங்கிறாங்க, எல்லாரும் ஆன்லைன்ல வாங்கறாங்க" என்று முதலாளி டீ குடித்துக்கொண்டே வருத்தப்படுவார். நான் வாயைத் திறக்க மாட்டேன், சம்பளம் அவர் கையில்.

தெருக்களும் காருக்குப் போட்ட தெருக்கள் இல்லை. மாட்டு வண்டிக்கும் கை வண்டிக்கும் பல்லக்குக்கும் போட்டவை. கொத்தவால்சாவடிக் காய்கறி மார்க்கெட்டை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றியபோது, இனிமேல் இந்தப் பக்கம் மூச்சு விடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது பையன், அப்பாவோடு மூட்டை பார்க்க வருவேன். காய்கறி லாரி போனது. அந்த இடத்தில் எங்கள் வண்டிகள் வந்து நின்றுவிட்டன.

டோக்கன் விஷயம். மாநகராட்சியின் கட்டண பார்க்கிங் இருக்கும் தெருக்களில் பொதுவாகக் காருக்கு மணிக்கு 20, பைக்குக்கு 5 ரூபாய் என்றுதான் வைத்திருந்தார்கள், பாண்டி பஜார் மாதிரி இடத்தில் மட்டும் அதைவிட அதிகம். மணிக் கணக்கு என்றால் நேரம் குறிக்காமல் எப்படி வாங்க முடியும்? நேரம் போடாத சீட்டு சீட்டே இல்லை. "எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டதற்கு "போய்ட்டு வா" என்று பதில் வந்தபோதே நீங்கள் ரிவர்ஸ் எடுத்திருக்கணும். எடுக்க முடியாது, தெரியும். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லலாம், ஆனால் மொத்த வியாபாரக் கடைகள் பாதிக்கு மேல் அன்றைக்கு மூடி. இடம் இருக்கும், கடை இருக்காது.

கோர்ட்_குமாஸ்தா:

அபராதம் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்குத் தினமும் இதே பஞ்சாயத்துதான். எங்கள் ஆபீஸுக்கு வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் கேஸைப் பற்றிப் பேசும் முன்னால் வண்டியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நோ பார்க்கிங்கில் நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 177ஆம் பிரிவில் வருகிறது. முன்னால் 100 ரூபாய். 2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி உயர்த்தியது, தமிழ்நாட்டில் அந்தப் புதுத் தொகை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் தடவை 500, அடுத்த தடவையில் இருந்து 1500. ஆகவே தேரடிவாசி, நீங்கள் பத்திரிகை வாங்கப் போகும்போது அதே சந்தில் விட்டால் பில் மூன்று மடங்கு. அக்கா எவ்வளவு பேரம் பேசினாலும் ஈடு கட்டாது.

கையில் டோக்கன் இருக்கிறதே என்று வாதாடலாமா என்றால், தாராளமாக வாதாடலாம், ஜெயிப்பது கஷ்டம். அந்த இடத்தில் நிறுத்தலாமா கூடாதா என்பதுதான் கேள்வி, நீங்கள் யாருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்பது தனிக் கதை. ஒருவன் உங்கள் பக்கத்து வீட்டைக் காட்டி உங்களிடமே வாடகை வாங்கிவிட்டுப் போனால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா, அந்த மாதிரி. ஆனால் நோ பார்க்கிங் போர்டே இல்லாத இடம், அல்லது போர்டு மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது என்றால் அங்கேயே நின்று நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், அதற்கு மதிப்பு உண்டு. நீங்கள் பூட்டைத் திறக்கக் கட்டிவிட்டீர்கள், அதனால் அது முடிந்த கதை. கட்டாமல் விட்டவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளணும், ஈ-சலான் பாக்கி வண்டி நம்பரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வண்டியை விற்கப் போகும்போது வந்து நிற்கும். பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பாக்கி உண்டா என்று தெரியும்.

60 ரூபாய் திரும்ப வராது சார், விட்டுவிடுங்கள். ஆனால் அந்த டோக்கனைத் தூக்கிப் போடாமல் ஃபோட்டோ எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு 1913க்குப் புகார் செய்யுங்கள். மாநகராட்சிப் புகார் எண் அது. உங்களுக்குப் பிரயோஜனம் இல்லாவிட்டாலும் அடுத்து அந்தச் சந்துக்குள் ஒடிக்கிறவருக்கு இருக்கலாம்.

ஹைகோர்ட்டுக்குள் விட முடியுமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால்: முடியாது. பழைய ஆட்களுக்குத் தெரியும், வருஷத்தில் ஒரு நாள் ஹைகோர்ட்டின் எல்லா வாசலையும் சாத்திவிடுவார்கள். பொதுமக்கள் நடந்து நடந்து அந்த இடத்துக்கு வழிப்பாத்தியதை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக. எனக்குத் தோன்றும், நம் தெருக்களுக்கும் அப்படி வருஷத்தில் ஒரு நாள் வைத்து அந்த சிமென்ட் டயரை எல்லாம் தூக்கினால் தேவலை. டயர்க்காரர்கள் பாத்தியதை வாங்கி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.

கல்மண்டபம்_அக்கா:

எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறீர்களே, ஸ்கூட்டி வைத்திருக்கிறவள் பாட்டைக் கேளுங்கள்.

மாதம் இரண்டு தடவை தையல் சாமான் வாங்க வருகிறேன். நூல், லேஸ், பட்டன், ஊக்கு. மொத்தம் அரை மணி நேர வேலை. ஐந்து ரூபாய் என்று போர்டில் இருந்தாலும் பத்து கேட்பார்கள், பத்தைக் கொடுத்தால் சில்லறை இல்லை என்று இருபதுக்கு இழுப்பார்கள். நான் ஐந்து ரூபாய்க் காசாகவே ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். காசைப் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கணும். சரி, பணம் போனால் போகட்டும். வண்டியை நான் நிறுத்திய இடத்தில் ஒரு தடவைகூடத் திரும்பப் பார்த்ததில்லை. பின்னால் வந்தவன் இடம் வேண்டும் என்று ஹேண்டில் பூட்டோடு அப்படியே தூக்கி நகர்த்தியிருப்பான். போன மாதம் இரண்டு புல்லட்டுக்கு நடுவில் சொருகி வைத்திருந்தார்கள், சாவி போடக் கைகூட நுழையவில்லை. இடது கண்ணாடி இந்த வருஷத்தில் மூன்றாவது. ஒரு கண்ணாடி 150 ரூபாய், அதையும் பார்க்கிங் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவிட்டுப் போகிற தைரியம் எனக்கு எப்போதோ போய்விட்டது, கடை கடையாக அதைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறேன், நூல் வாங்கிப் போட நல்ல கூடை மாதிரி ஆகிவிட்டது.

தேரடித் தம்பி, அம்மாவை அழைத்துப் போவதற்கு ஒரு யோசனை. காரைக் கல்மண்டபத்தில் எங்கள் தெரு மாதிரி எங்காவது தெரிந்தவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோ கடை வாசலிலேயே இறக்கிவிடும், அவருக்கு பார்க்கிங் கவலை இல்லை. திரும்பும்போது அதே மாதிரி. எங்கள் அண்ணன் குடும்பம் மாதவரத்தில் இருந்து வரும்போது இப்படித்தான் செய்வார்கள். நடுவில் எனக்கும் டீ பலகாரச் செலவு, அது வேறு விஷயம்.

ராயபுரம்_டு_சிகாகோ:

ராயபுரத்துக்காரன்தான், பத்து வருஷமாக சிகாகோ. கோடவுன்தெரு அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

பார்க்கிங் மீட்டர் என்ற சாமானே அண்ணன் சொன்ன அதே தொல்லைக்காகப் பிறந்ததுதான். 1935இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டியில் முதல் மீட்டரை நட்டார்கள், மணிக்கு ஐந்து சென்ட். அந்த ஊர்க் கடைவீதியிலும் கடைச் சிப்பந்திகளும் ஆபீஸ்காரர்களும் காலையில் காரை விட்டுவிட்டு சாயங்காலம்தான் எடுப்பார்கள், வாங்க வந்தவனுக்கு இடமில்லை. அதனால் காசு வாங்கினார்கள். அரசாங்கத்துக்கு வருமானம் என்பது அப்புறம் சேர்ந்துகொண்டது, முதல் நோக்கம் வண்டியை நகர வைப்பது. ஆகவே கட்டணம் என்றாலே கொள்ளை என்று நினைக்க வேண்டியதில்லை. முதலாளி காருக்கு மணிக்கு 20 ரூபாய் ஒழுங்காக வாங்கினால் பதினோரு மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 220. மாதம் 26 நாள் என்றால் 5720. அவரே ஷேர் ஆட்டோவைப் பற்றி யோசிப்பார்.

ஆனால் அதைச் செய்கிற விதத்தில் செய்யணும். எங்கள் ஊர்க் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2008இல் சிகாகோ நகராட்சி தன் மீட்டர்களை எல்லாம் 75 வருஷத்துக்கு ஒரு தனியார் கூட்டுக்குக் கொடுத்துவிட்டது, சுமார் 115 கோடி டாலருக்கு. கவுன்சிலில் சில நாளிலேயே முடித்துவிட்டார்கள். அப்போது நகரத்தின் நடு மையத்தில் மணிக்கு 3 டாலர், 2013க்குள் அது 6.50. ஒரு பக்கத்தில் வேலைக்காக, விழாவுக்காகத் தெருவை மூடினால் வருமானம் போனதற்கு நகராட்சிதான் நஷ்டஈடு கொடுக்கணும். நினைத்துப் பாருங்கள், புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோவில் திருக்குடை என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிளம்பி யானைகவுனி தாண்டுகிற அன்றைக்கு, பார்க்கிங் கம்பெனிக்காரன் வந்து "ஊர்வலத்தால் எனக்கு இத்தனை ரூபாய் நஷ்டம்" என்று பில் நீட்டினால் எப்படி இருக்கும்? இங்கே அது நிஜமான ஒப்பந்தம். 2083 வரைக்கும் ஓடும், என் பேரன் கட்டுவான்.

ஒன்று மட்டும் உண்மை, இங்கே எவ்வளவு பிடுங்கினாலும் எவ்வளவு பிடுங்குகிறார்கள் என்று மெஷினில் தெரியும். எத்தனை மணி வரை என்று ஃபோனில் வரும். கழுத்தில் தொங்குகிற அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

மீன்பாடி:

சிகாகோ சார் நல்லா சொன்னீங்க, ஆனா மீன்பாடியில, அதான் மூணு சக்கர சரக்கு வண்டியில, லோடு ஓட்டுற எங்க கதி என்ன? முதலாளி கார் நிக்கிற இடத்துல நான் ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தி பண்டல் இறக்கினா போதும், கத்து கத்துன்னு கத்துவாங்க. நாங்க பார்க்கிங் பண்றது இல்லை சார், லோடு இறக்குறோம். அதுக்குன்னு ஒரு இடம், ஒரு நேரம் ஒதுக்கின தெரு எத்தனை காட்டுங்க பார்ப்போம். நடு ரோட்டுல நிறுத்தி இறக்க வேண்டியது, பின்னாடி ஜாம், எல்லாரும் மீன்பாடிக்காரனைத் திட்ட வேண்டியது. டயரை எடுத்துட்டு அந்த இடத்துல லோடு இறக்க விட்டாலே பாதி ஜாம் தீரும்.

தேரடி சார், 400 பத்திரிகை உங்க கார் டிக்கியில போட வேண்டிய சரக்கே இல்லை. கடையில சொன்னா பார்சல் கட்டி நம்ம பக்கம் வர்ற வண்டியில போட்டு விடுவாங்க. திருவொத்தியூர் பக்கம் தினம் வண்டி வருது. உங்க ஆளு நீலச் சட்டைக்குக் கொடுத்ததுக்கு மேல கொஞ்சம் ஆகும், அவ்ளோதான். மழை மட்டும் பார்த்துக்கச் சொல்லுங்க, கவர் ஒட்டிக்கும்.

கோடவுன்தெரு_25வருஷம்:

சிகாகோ தம்பி, முதலாளிக்கு 5720 சொன்னது சரி. எங்கள் ஏழு பைக்குக்கும் அதே கணக்குப் போடுங்கள். ஒரு பைக்குக்கு மணிக்கு 5, பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு 60. மாதம் 1560. அதை யார் கொடுப்பார்கள்? முதலாளி கொடுக்க மாட்டார். நான் கொடுத்தால் அந்த மாதம் பையனுக்கு டியூஷன் இல்லை. மணலிக்காரருக்கு மெட்ரோ இல்லை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது. நாங்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நானே சொன்னேன், மறுக்கவில்லை, ஆனால் எங்களை எடுத்துவிட்டு எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

மீன்பாடிக்காரர் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு. எங்கள் தெருவில் சரக்கு இறங்கும்போது நானே போய் டயரை உருட்டிவிட்டு, இறக்கினதும் திரும்ப உருட்டி வைப்பேன். முதலாளி கார் வரும் முன்னால்.

பழைய_வண்ணை:

அப்போ டயரை உருட்டுகிறதற்கு ஓர் ஆள், காரைத் திருப்புகிறதற்கு ஓர் ஆள், டோக்கனுக்கு ஓர் ஆள். பார்க்கிங்கை நம்பி எத்தனை குடும்பம் பிழைக்கிறது பாருங்கள்.

தேரடிவாசி:

எல்லாருக்கும் நன்றி. போன வியாழக்கிழமை போய்விட்டு வந்தேன், என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.

காரை எடுக்கவில்லை. தேரடியில் மெட்ரோ, ஹைகோர்ட்டில் இறங்கி மேலே வந்து ஆட்டோ. கிட்டத்தில் போவதற்கு அவர் கேட்ட 80 ரூபாயைக் கேட்டு அக்கா இறங்கப் போனாள், அம்மா "உட்காருடி" என்றார், அதோடு பேச்சு முடிந்தது. பிளாட்பாரத்தில் நடக்க வேண்டி வரவில்லை. போகும்போது அந்தச் சந்தைப் பார்த்தேன். நீலச் சட்டை அங்கேயேதான் இருந்தார், ஒரு இன்னோவாவை ஒடிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன், நிறுத்தியிருந்தால் அதற்கும் 60 கேட்டிருப்பாரோ என்னவோ. 1913இல் சொல்லி வைத்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது.

பத்திரிகையை மீன்பாடி அண்ணன் சொன்ன மாதிரி பார்சலில் போடச் சொல்லிவிட்டோம், நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, மேலே சாக்குக் கட்டி, ஒரு கவர்கூட ஒட்டவில்லை. தேங்காய்ப் பையும் அதிலேயே வந்துவிட்டது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் கடைசித் தடவை திருத்தம் பார்த்தபோது அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மண்டபம் முகவரிக்குக் கீழே, கொட்டை எழுத்தில், "கார் நிறுத்த இடவசதி உண்டு". ஒரு வரி கூடினால் காசு கூடுமா என்று அக்கா கேட்டாள், கூடாது என்றார்கள், போட்டாயிற்று.

கல்மண்டபம்_அக்கா:

நல்ல காரியம். மண்டபத்தில் எத்தனை கார் நிற்கும் தம்பி?

தேரடிவாசி:

ஆறு. மாப்பிள்ளை வீட்டில் இருந்தே ஒன்பது வருகிறது அக்கா.